கிழக்குத் திட்டு

கடலுக்குள் முங்கினால் காது அடைத்துவிடும், வாய் கட்டிவிடும், அங்கே பேச்சுக்கு என்ன வேலை என்பார்கள் கரையில் இருப்பவர்கள். நம்புத்தாயும் முங்கிக் கடல்பாசி எடுத்தவள்தான். தலைவியான பிறகு அவளும் அப்படியே நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

பாசி எடுக்கும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவள் தலைவியாகி ஒரு வருஷம் ஆகிறது. நாலு பேர் நடுவில் நறுக்கென்று பேசுவாள் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளும் குறை வைக்கவில்லை, மைக் வைத்தே பேசினாள். பெண்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு எழுந்து போனார்கள். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

இப்போது வெள்ளம் கழுத்துவரை வந்துவிட்டது. பாசி குறைந்துகொண்டே போகிறது. பாசி வளர்வது கிழக்கு, தெற்கு என்று இரண்டு பாறைத் திட்டுகளில்தான். அதில் ஒன்றை இந்தப் பருவம் முழுக்கத் தொடாமல் விட்டால்தான் அடுத்த வருஷம் பிழைப்பு. எதை விடுவது? கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டும் முடிவாகவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் பெண்கள் சொல்லாவிட்டால் இனிமேல் சங்கத்தை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று ஊர்க் கமிட்டி ஆண்கள் சொல்லிவிட்டார்கள்.

நம்புத்தாய் விடியும் முன்பே சேசம்மாளிடம் போனாள். சேசம்மாள் சங்கத்தின் முதல் தலைவி. வயதில் நம்புத்தாயைவிட இளையவள். ஆனாலும் நம்புத்தாய் மனதுக்குள் அவளைத்தான் குருவாக வைத்திருந்தாள். அதனால் இங்கே குரு சிஷ்யையை ‘நீங்க’ என்பாள், சிஷ்யை குருவை ‘நீ’ என்பாள்.

“நீ தலைவியா இருந்தப்ப ஒரு நாளும் நின்னு பேசினதில்ல. எல்லாம் நடந்துச்சு. நான் தொண்டத் தண்ணி வத்தப் பேசுறேன், ஒண்ணும் நடக்கல. நான் என்னதான் பேசணும், தாயி?”

சேசம்மாள் பாறை கீறாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு துணியைக் கிழித்து நீட்டினாள்.

“சுத்துங்கக்கா. வள்ளம் கெளம்பப் போகுது.”

“சாயங்காலம் நான் பதில் சொல்லணும்.”

“அதுக்குள்ள வந்துருவோம்.”

கிழக்குத் திட்டில் நங்கூரம் போட்டார்கள். வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஊதுகிற சங்கை ஊதி வைப்போம் என்று நம்புத்தாய் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று ஆரம்பித்தாள். நமக்கு இருப்பது இரண்டு திட்டு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அத்தனை தலைகளும் உள்ளே போய்விட்டன. சங்கத் தலைவி நீர்க்குமிழிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அவளும் முங்கினாள்.

உள்ளே பச்சை வெளிச்சம். ஒரு சத்தமும் இல்லை. பாசி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறு பக்கம் சாய்ந்தது. சிறு மீன்கள் அவள் விரல்களை அடையாளம் தெரிந்ததுபோல் சுற்றிவந்தன. இதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அவளுக்கு அழுகை வந்தது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும், அழுதாள்.

கை தானாகப் பாசியைப் பற்றியது. கட்டை விரல் உயரம்கூட இல்லை. அதைப் பிய்க்க மனம் வராமல் விட்டுவிட்டு மேலே வந்தாள்.

“பிஞ்சு… அம்புட்டும் பிஞ்சு,” என்று மூச்சிரைத்தாள், யாரிடமும் இல்லை.

பக்கத்தில் காளீஸ்வரியின் தலை வெளியே வந்தது. கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பவள் அவள். நம்புத்தாயை ஒரு பார்வை பார்த்து, மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

நம்புத்தாயும் போனாள். அப்புறம் அவள் கமிட்டியை மறந்தாள், மைக்கை மறந்தாள், தலைவி என்பதையும் மறந்தாள். மேலே வரும்போதெல்லாம் தூரத்தில் யாரோ யாரிடமோ ஒரு வார்த்தை சொல்வது கேட்கும். முழுதாகக் கேட்பதற்குள் இருவருமே முங்கியிருப்பார்கள். அது கனவில் கேட்கும் குரல்போல இருந்தது.

ஒரு முறை தலையைத் தூக்கியபோது பக்கத்தில் யாரும் இல்லை. வள்ளம் தெற்குத் திட்டுக்குப் போயிருந்தது. பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அவளும் நீந்திப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் கரை திரும்பியபோது கமிட்டியைச் சேர்ந்த சந்தியாகு காத்திருந்தார். என்ன, இன்றைக்கும் கூட்டம்தானா என்று சிரித்தார்.

காளீஸ்வரி பாசி மூட்டையைக் கீழே வைத்தாள்.

“கெழக்குத் திட்டுக்கு இந்தப் பருவம் போறதில்ல.”

சந்தியாகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தியும் மறுக்கவில்லை. எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். காலையிலேயே என்றார்கள் இரண்டு மூன்று பேர். சரி, கமிட்டியில் சொல்லிவிடுகிறேன் என்று அவர் நடையைக் கட்டினார்.

சங்கம் பிழைத்தது. நம்புத்தாய்க்குச் சந்தோஷம்தான். கூடவே, தன்னை விட்டுவிட்டுப் பேசி முடித்துவிட்டார்களே என்று வலிக்கவும் செய்தது. சேசம்மாளிடம் போய் நின்றாள்.

“யாரு சொல்லி இவளுக கெழக்க விட்டாளுக?”

“நீங்க சொல்லித்தான்.”

“நானா? நான் இன்னைக்கு ஒண்ணுமே பேசலயே.”

சேசம்மாள் விரலில் சுற்றிய ஈரத் துணியைப் பிரித்தாள்.

“மூச்சு வாங்க மேல வந்தீங்கள்ல, அப்ப.”