கூரையில்லாத அடுக்களையில் ராஜ விருந்து

ஏரி நிறைந்தால் சிரித்து, ஊறுகாய் குறைந்தால் சீறுகிற ராஜா ஒருவர் ரொம்ப காலத்துக்கு முன்னால் கருங்குள நாட்டை ஆண்டுவந்தார். சித்திரசேனன் என்று பெயர். ஒருநாள் அமைச்சர் சிவக்கொழுந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, "அபரஞ்சி அம்மாள் வைத்த மோர்க்குழம்புக்கு என் அரண்மனைச் சமையல்காரன் ஏழு ஜென்மம் எடுக்கணும்" என்று அமைச்சரின் மனைவியைச் சபையிலேயே புகழ்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். பண்டகசாலை அதிகாரி வல்லபருக்கு வயிறு பற்றி எரிந்தது. இருபது வருஷமாக ராஜாவின் நிழலாக நிற்கிறார். அவர் வீட்டுத் தண்ணீரைக்கூட ராஜா புகழ்ந்ததில்லை.

அந்தச் சமயம் அபரஞ்சி, புகை போக வழியில்லாத தன் அடுக்களையை மாற்றிக் கட்ட மாசிலாமணி மேஸ்திரியை வரவழைத்தாள். "ஒரே மாசம்மா" என்றார் மேஸ்திரி. கூரையைப் பிரித்தார், ஒரு சுவரை இடித்தார், சாரம் கட்டினார், வாசலில் திருஷ்டிப் பொம்மையும் தொங்கவிட்டார். மறுவாரம் ஆளைக் காணோம். எங்கே? வல்லபர் வீட்டில் மாடி எழும்பிக்கொண்டிருந்தது! "அவள் அடுக்களை அப்படியே கிடக்கட்டும், என் மாடியை முடி" என்று வல்லபர்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

அபரஞ்சி போய்க் கேட்டாள். "மணல் வரலைம்மா." மறுபடி கேட்டாள். "சித்தாளோட பெரியப்பா தவறிட்டாரும்மா." மூன்று மாதத்தில் அந்தச் சித்தாளுக்கு நான்கு பெரியப்பாக்கள் தவறினார்கள். வேறு மேஸ்திரிகளோ, "ஒருத்தர் கட்டின சாரம் நிற்கும்போது நாங்க கை வைக்கக் கூடாதும்மா, ராஜ சட்டம்" என்று நழுவினார்கள். அமைச்சர் ஊருக்கெல்லாம் யோசனை சொல்வார், வீட்டு வேலை என்றால் மட்டும் "பார்க்கலாம்." ஐப்பசி மழைக்கோ எட்டே நாள். மழை இறங்கினால் மிச்சமிருக்கும் மண்சுவரும் கரைந்துவிடும்.

அபரஞ்சியே சபை ஏறி, மாசிலாமணி தன் வேலையைப் போட்டுவிட்டு வல்லபர் மாடிக்குப் போய்விட்டதைச் சொன்னாள். ராஜா வாய் திறக்குமுன் வல்லபர் முந்திக்கொண்டார். "சாரம் நிற்கிறது மகாராஜா, பொம்மை தொங்குகிறது. வேலை நடக்கிறது என்றுதானே அர்த்தம்? அம்மாளுக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி."

ராஜாவுக்கு அப்போது தூக்கம். "சாரம் நிற்கும்வரை வேலை நடக்கிறது. தீர்ப்பு முடிந்தது!"

அபரஞ்சி கும்பிட்டாள். "நல்ல தீர்ப்பு மகாராஜா. நாளை மதியம் அதே அடுக்களையில் உங்களுக்கு விருந்து. வல்லபரும் வரணும்."

மறுநாள் உச்சிவெயிலில், திறந்த வானத்துக்குக் கீழே இரண்டு இலை. உப்பு வைத்தாள், ஊறுகாய் வைத்தாள், ஒதுங்கி நின்றுகொண்டாள்.

"அம்மணி, சோறு?"

"அரிசி வண்டி வரலை மகாராஜா."

ஒரு நாழிகை போனது. "குழம்பாவது?"

"சமையற்காரியோட பெரியப்பா தவறிட்டார்."

அடுத்த வீட்டிலிருந்து கமகமவென்று தாளிக்கிற வாசனை வந்தது. ராஜாவின் மீசை துடித்தது. "அது யார்?"

"அவளேதான். அங்கே இன்னொரு விருந்தை ஒப்புக்கொண்டிருக்கிறாள்."

"வேறு ஆளைக் கூப்பிடு!"

"எப்படி மகாராஜா? அவள் கரண்டி பானையில் நிற்கிறதே, இன்னொருத்தி தொடலாமா? இலை போட்டாயிற்று, உப்பு வைத்தாயிற்று. விருந்து நடந்துகொண்டுதானே இருக்கிறது?"

"என்ன திமிர்!" என்று வல்லபர் துள்ளினார். ராஜா கையை உயர்த்தி அடக்கிவிட்டு, அண்ணாந்து பார்த்தார். சாரத்தில் ஒரு குளவி மண் குழைத்துக் கூடு கட்டி, முடித்து, குடியும் போயிருந்தது.

"குளவிகூட முடித்துவிட்டது" என்றார் ராஜா. "எழுதுங்கள் சட்டத்தை! வேலை எடுப்பவர் முடிக்கும் நாளை ஓலையில் எழுதித் தரணும். நாள் தாண்டினால் வீட்டுக்காரர் எச்சரிக்கை ஓலை அனுப்பலாம். அதற்கும் வராவிட்டால் சாரத்தைப் பிரித்தெறிந்து வேறு ஆளை வைக்கலாம். செலவு முதல் ஆளின் தலையில். இந்த வீட்டுக்கு எச்சரிக்கை என் வாயாலேயே ஆயிற்று. நாளைக் காலை மாசிலாமணி இங்கே நிற்கணும். இந்தக் கூரை ஏறும்வரை வல்லபர் மாடியில் ஒரு செங்கல் ஏறக் கூடாது!"

அதற்குப் பிறகுதான், அபரஞ்சி முன்பே சொல்லிவைத்திருந்தபடி, அடுத்த வீட்டிலிருந்து சோறும் மோர்க்குழம்பும் வந்தன. மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்ட ராஜா, "என்ன வெகுமதி வேணும், கேள்" என்றார்.

"இந்தத் திருஷ்டிப் பொம்மை இனி எனக்கு வேண்டாம். வல்லபர் வீட்டில் கட்டச் சொல்லுங்கள். தெருவைப் பார்த்து இல்லை, வீட்டுக்குள்ளே பார்த்து."

ஆறே நாளில் அடுக்களைக்குக் கூரை ஏறியது. ஏழாம் நாள் மழை கொட்டியது. மேல்மூடாத மாடியில் குடையோடு நின்ற வல்லபரை, பொம்மை நாக்கைத் துருத்திக்கொண்டு பார்த்தது. அபரஞ்சியின் புதுப் புகைபோக்கி வழியாக மோர்க்குழம்பு வாசனை நேரே அவர் மாடிக்கு வந்தது.