கடலுக்கு முதுகு காட்டிய வீடு

அந்தக் காலத்தில் காற்றுக்கு வாய் இருந்தது. இப்போதுபோல் வெறுமனே ஊளையிட்டுக்கொண்டு வராது, சொல்லிவிட்டுத்தான் வரும். கேட்கிறவர்கள்தான் கேட்கமாட்டார்கள்.

அப்போது கடற்கரைக் குடிசைகள் எல்லாம் உயரமாக, வாசலைக் கடல் பார்க்க வைத்து நின்றன. புருஷன் கட்டுமரத்தில் போனால் திரும்பும்வரை கதவைச் சாத்தக் கூடாது. சாத்தினால் போனவன் வரமாட்டான் என்று ஊரே நம்பியது.

முத்தாரியின் புருஷன் சாத்தையன் கடலுக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்று மாதப் பெண்குழந்தை, கூரை விட்டத்தில் கட்டிய சேலைத் தூளியில் தூங்கியது. அவள் வாசலை விட்டு நகராமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகலிலேயே வானம் கறுத்தது. வாடைக்காற்று வந்து அவள் முன்னால் தயங்கியது.

“ஏ முத்தாரி, கதவச் சாத்து. தெறந்திருந்தா உள்ள வந்து கூரையத் தூக்கிருவேன்.”

“சாத்தமாட்டேன். அவுக இன்னும் வரல.”

“நெசமாத்தான் சொல்றேன், தாயி.”

“வேற பக்கமாப் போயேன். ஒனக்கா வழியில்ல?”

“வந்த வேகத்துக்கு என்னால திரும்ப முடியாது.”

முத்தாரிக்கு ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூரை. கூரையைப் பிறகு வேய்ந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தக் கூரையில்தான் பிள்ளை தொங்குகிறது என்பது பாவிக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கதவை அகலத் திறந்து, அம்மிக்கல்லை இழுத்து வைத்து முட்டுக் கொடுத்தாள்.

காற்று உள்ளே நுழைந்தது. கூரை அப்படியே எழும்பியது. அவள் திரும்பியபோது தூளி தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. எம்பினாள். ஒரு நூல்கூடக் கைக்கு வரவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் சாத்தையன் கரையோடு நடந்து வந்தான். காற்று கிளம்புமுன்பே தெற்கே ஒரு ஊரில் ஒதுங்கி, யார் வீட்டிலோ சோறு தின்று தூங்கியிருக்கிறான். இந்த வாசலை அவன் பார்க்கவே இல்லை.

இருவரும் கரை முழுக்கத் தேடினார்கள். கீற்றுதான் கிடைத்தது.

பிறகு ஒரு நாள் அவன் மூங்கில் நட்டான். “வாசல் எந்தப் பக்கம் வைக்க?” என்று கேட்டான்.

“ஊர்ப் பக்கம் வைங்க. கூரைய இடுப்பு மட்டுக்கு எறக்குங்க. நான் குனிஞ்சு போய்க்கிறேன்.”

“அப்ப நான் வர்றத எப்படிப் பாப்ப?”

“பாக்க வேணாம். பாத்துக்கிட்டு நின்னுதான் பெத்தத விட்டேன்.”

அவன் அப்படியே கட்டினான்.

அன்று முதல்தான் இந்தக் கரையில் வீடுகள் கடலுக்கு முதுகு காட்டிக் குனிந்து நிற்கின்றன. கடலில் பிழைத்துத் திரும்புகிறவனை எந்த வாசலிலும் யாரும் பார்த்து நிற்பதில்லை.