நாற்பது தப்படி

ஆற்றங்கரை மடத்தில் யார் சீடராகச் சேர்ந்தாலும் ஓடம் தள்ளிப் பழக வேண்டும். அக்கரை நோயாளிகளை மடத்து வைத்தியசாலைக்கு ஏற்றி வரும் ஓடம் அது. படித்துறையை விட்டு விலகி எங்கே ஓடம் ஒதுங்குகிறதோ, தள்ளியவர் அங்கே தன் நிறத் துணி கட்டிய குச்சியை நட்டு வைக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

ஆடி வெள்ளத்தில் ஒருவர் மட்டும்தான் ஓடக்கோல் பிடிக்கலாம். குரு பொன்னாச்சியம்மா அதைச் சீடன் செங்கேணியிடம் கொடுத்துவிட்டாள். இன்னொரு சீடரான வேதரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. இருபத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர் அவர். செங்கேணிக்கோ கையெழுத்துப் போடவே நாலு நிமிஷம் ஆகும். மடத்திலாவது நியாயம் இருக்கும் என்று நம்பி வந்தேனே, என்னைச் சொல்லணும் என்று பொருமிக்கொண்டே குருவின் முன்னால் போய் நின்றார்.

"இது அநியாயம், அம்மா."

"என்ன அநியாயம், வாத்தியாரே?" குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

"குச்சிகளைப் பாருங்க. படித்துறை சைபர். நீரோட்டத்துக்கு எதிரா மேலே ஒதுங்கினா ப்ளஸ், கீழே போனா மைனஸ். நான் நாலு நடை போனேன். ப்ளஸ் நாப்பது தப்படி, மைனஸ் நாப்பது, ப்ளஸ் முப்பது, மைனஸ் முப்பது. கூட்டினா சைபர்! அவன் நாலு நடையும் பத்துப் பத்துத் தப்படி கீழே. மைனஸ் நாப்பது. கோல் அவனுக்கா?"

குரு வேதரத்தினத்தின் குச்சி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நெல் மூட்டையைப் போடச் சொன்னாள்.

"எல்லாத்தையும் படித்துறைக்குத் தூக்கிட்டு வாங்க."

இரண்டாவது மூட்டையோடு அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"மேலேருந்து நாப்பது, கீழேருந்து நாப்பது. கழிஞ்சுதா?"

"நடந்த தூரம் எப்படிக் கழியும்?" வேதரத்தினம் சீறினார். "தூரத்துக்கு ஏது மைனஸ்? எண்ணுக்கு ரெண்டு பக்கமும் நெட்டுக் கோடு போட்டு, குறியை எடுத்துட்டுத்தான் கூட்டணும். மட்டு மதிப்புன்னு பேரு. என் பசங்களுக்கு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்லிக் கொடுத்த..."

நிறுத்திக்கொண்டார்.

"குறியை எடுத்துட்டா உங்களுக்கு எவ்வளவு?"

"நூத்தி நாப்பது."

"செங்கேணிக்கு?"

"நாப்பது." அப்போதும் அவருக்கு ஆறவில்லை. "ஆனா சராசரின்னு பார்த்தா நான் சரியாப் படித்துறையிலதானே..."

குருவின் குரல் உயர்ந்தது. அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை.

"கீழே நாப்பதுல குச்சி நட்டீங்களே, அன்னிக்கு ஓடத்துல வந்தது யாரு?"

"இருளாயி." அவர் தலை குனிந்தார். "இடுப்பு வலியோட."

"அவ படித்துறைக்கு வந்து சேரலை. பாதி வழியில, மணல்லயே பெத்துப் போட்டா. போங்க, போய் அவகிட்ட சொல்லுங்க. அதுக்கு முந்தின நடையில மேலே நாப்பது போயிட்டேன், ரெண்டும் சரியாப் போச்சுன்னு."