கண்ணாடிக்குள் ஒரு தோழி

மலைச்சாலை வளைந்து இறங்கும் ஒரு காட்டில் செம்பி என்றொரு குரங்கு இருந்தது. நல்ல குரங்குதான், ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

ஒருநாள் அதன் அக்கா தும்பை, கடைசிப் பலாச்சுளையை ஒரு குட்டிக்குக் கொடுத்துவிட்டது.

"இனி உன்னோடு பேசவே மாட்டேன், அக்கா!" என்று கத்திவிட்டு, செம்பி புதருக்குள் பாய்ந்து ஓடியது. ஓடிய வேகத்தில் முதுகில் ஒரு முள் ஆழமாகத் தைத்தது. பிடுங்கப் பார்த்தது; கை எட்டவில்லை.

சாலையோரம், லாரியிலிருந்து விழுந்த பீரோக் கண்ணாடி ஒன்று மரத்தில் சாய்ந்து நின்றது. அதற்குள் ஒரு குரங்கு!

செம்பி பல்லைக் காட்டியது. அதுவும் காட்டியது. செம்பி பின்வாங்கியது. அதுவும் பின்வாங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடினால் மரப்பட்டை மட்டும்தான் இருந்தது.

"ஒளிந்து விளையாடுகிறாயா? சரி, நீயே சொல். என் அக்கா செய்தது தப்புதானே?" என்று செம்பி தலையை ஆட்டியது. அதுவும் ஆட்டியது.

"நீதான் எனக்கேற்ற தோழி! முதுகு வலிக்கிறது, கொஞ்சம் பாரேன்."

செம்பி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது. வெகுநேரம் காத்திருந்தது. எந்த விரலும் வந்து தொடவில்லை.

மறுநாள் முள் தைத்த இடம் வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணாடி முன்னால் சுருண்டு கிடந்த செம்பி, தோழியின் பின்னால் இன்னொரு குரங்கு வந்து உட்காருவதைக் கண்டது. அது தோழியின் முதுகு மயிரை மெல்ல விலக்கியது.

"எனக்குத்தான் யாருமே இல்லை" என்று செம்பி விசும்பியது.

அதே நேரத்தில் அதன் முதுகில் விரல்கள் ஊர்ந்தன. கண்ணாடிக்குள் அந்தக் குரங்கு வெடுக்கென்று முள்ளைப் பிடுங்கியது.

"ஆ!" வலித்தது செம்பிக்கு!

செம்பி திகைத்தது. தன் கையைத் தூக்கிப் பார்த்தது. உள்ளே இருந்ததும் தூக்கியது. "அப்படியென்றால்... அது நானா? பின்னால் இருப்பது..."

மெல்லத் திரும்பியது. முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு தும்பை உட்கார்ந்திருந்தது.

"நேற்றிலிருந்து காடெல்லாம் தேடுகிறேனடி! அசையாதே. நுனி இன்னும் உள்ளே இருக்கிறது."

"அக்கா, உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னேனே..."

"பேசாதே. முதுகை மட்டும் காட்டு."

செம்பி அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முதுகைக் காட்டியது.

நீதி: கோபித்துக்கொண்டு போன பின்னும் நம்மைத் தேடி வருபவரே நமக்கு உற்ற துணை.