உப்பு மண்ணுக்கு வரி

மூங்கில் காட்டுக் குளக்கரையில் வாரச் சந்தை கூடியது. மந்திரி நரி பாறை மேல் ஏறிக் குழைந்து பேசியது.

“இன்று முதல் சந்தையில் வரி உண்டு. பயப்படாதீர்கள்! அத்தியாவசியப் பொருளுக்கு வரியே கிடையாது. ஆடம்பரத்துக்கு மட்டும்தான்! இரண்டு வாங்கினால் ஒன்று ராஜாவின் குகைக்கு!”

விலங்குகள் ஆரவாரம் செய்தன. முயல் மட்டும் காதை விடைத்துக்கொண்டது. நரி இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினால் எனக்கும் சந்தேகம் வரும்தான்.

குட்டி ஈன்று பத்தே நாளான பெண்மான் ஒன்று, நெல்லிக்காய்களைக் கொடுத்து, முள்ளம்பன்றியிடம் இரண்டு கட்டி உப்பு மண் வாங்கியது. உடனே வரி வசூலிக்க நின்ற ஓநாய் ஒரு கட்டியைப் பிடுங்கிக்கொண்டது.

“ஐயோ! உப்பு மண் இல்லாவிட்டால் எனக்குப் பால் வற்றிவிடுமே! குட்டி என்ன செய்யும்?” என்று பதறியது மான்.

“உப்பு மண் ஆடம்பரம்!” என்றது நரி. “நானும் ஓநாயும் அதைத் தொடுவதே இல்லை. நன்றாகத்தானே இருக்கிறோம்? உனக்கு நாக்கு ருசி கேட்கிறது!”

அப்போது கரடி பத்துத் தேனடைகளைச் சுமந்துகொண்டு போனது. ஓநாய் வழிவிட்டு நின்றது.

“தேனுக்கு வரி இல்லையா?” என்று கேட்டது முயல்.

“கரடியாருக்கு இருமல். தேன் மருந்து. அத்தியாவசியம்!” என்றது நரி. அதன் பிறகுதான் கரடிக்கு இருமல் வந்தது.

முயல் நேரே சிங்கத்திடம் போய், தூரத்திலேயே நின்றுகொண்டது. “ராஜா, உங்கள் இரையின் ரத்தத்திலேயே உங்களுக்கு உப்பு கிடைத்துவிடுகிறது. புல்லில் அது இல்லை. இந்த வரிப் பட்டியலைப் போட்டது யார்?”

“நரி, ஓநாய், கரடி. மூவருமே கெட்டிக்காரர்கள்! நீ என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா?” என்று சீறியது சிங்கம். முயல் புதருக்குள் பாய்ந்தது.

வாரங்கள் போயின. குகையில் உப்பு மண் சும்மா குவிந்து கிடந்தது. மான்குட்டியோ நிற்கத் தெம்பின்றிக் கால் மடங்கி விழுந்தது. அதைப் பார்த்த மான் கூட்டம் குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு, ஆற்றைக் கடந்து, வரி இல்லாத அக்கரைக் காட்டுக்குப் போய்விட்டது.

மூன்று நாள் அலைந்தும் சிங்கத்துக்கு ஒரு மான்கூட அகப்படவில்லை. பசி பொறுக்காமல் உப்பு மண்ணை நக்கிப் பார்த்துத் துப்பியது. பிறகு ஆற்றங்கரைக்கு ஓடியது.

“திரும்பி வாருங்கள்! உப்பு மண் வரியை எடுத்துவிட்டேன்! புதிய பட்டியல் தயார்!”

அக்கரையில் மான்குட்டி முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

“புதிய பட்டியலைப் போட்டது யார்?” என்று கேட்டது தாய்மான்.

“வேறு யார்? நரிதான்!”

“அப்படியானால் நாங்கள் இங்கேயே இருக்கிறோம்!”

எது அத்தியாவசியம், எது ஆடம்பரம் என்பதை, அது இல்லாமல் வாழ முடியாதவரைக் கேட்காமல் முடிவு செய்வது நியாயம் ஆகாது.