வியாழக்கிழமை எண்ணெய்ச் சட்டி

கடைசியில் உங்களை ஒரு கேள்வி கேட்பேன். அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் கேளுங்கள்.

துர்க்மேனிய நாட்டில் தேஜென் ஆற்றுப் பக்கம் ஒரு பருத்திக் கிராமம். அங்கே நூர்கெல்தி என்பவர் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஜெரன். வந்த நாளிலிருந்து தலைத்துணியின் முனையை உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொண்டுதான் அவள் மாமனார் முன் நடமாடினாள். அதற்கு யாஷ்மக் என்று பெயர். துணி வாயில் இருக்கும்வரை மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவரே ஒரு பரிசைக் கொடுத்து, இனிப் பேசலாம் என்று அவிழ்த்துவிட வேண்டும். சில வீடுகளில் ஒரு வருடத்தில் அவிழும். சில வீடுகளில் மருமகளுக்கு நரை விழுந்தாலும் அவிழாது.

நூர்கெல்தி நல்ல மனிதர். அவருடைய மூத்த மகனும் ஜெரனின் கணவனுமான சபர் இஸ்தான்புல்லில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்து இந்த வாசலில் கால் வைக்கிற அன்றுதான் மருமகளின் யாஷ்மக்கை அவிழ்ப்பேன், அன்றைக்கு ஒரு கிடாவும் அறுப்பேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தார். ஜெரனும் ஆசையோடு காத்திருந்தாள். மாமனாரிடம் முதலில் என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள், பாவம்.

சபர் வரவில்லை. சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. செய்தி வந்தபோது நூர்கெல்தி மாரடைப்பிலிருந்து பிழைத்துப் படுக்கையில் கிடந்தார். இன்னொரு அதிர்ச்சியை அந்த இதயம் தாங்காது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நூர்கெல்தியின் மனைவி ஒகுல்பிபி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். சபருக்கான ஏழாம் நாள், நாற்பதாம் நாள் துக்க விருந்தெல்லாம் பக்கத்து ஊரில் அவள் தம்பி வீட்டில் நடந்தன. ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. இளைய மகன் மெரெத்துக்கு அண்ணன் குரல் அப்படியே வாய்த்திருந்தது. வாரம் ஒருமுறை அவன் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் நின்று, செல்போனில் அப்பாவிடம் அண்ணனாகப் பேசினான். பேசிவிட்டு வரும்போது அவன் முகத்தைப் பார்க்க ஜெரனுக்குப் பயமாக இருக்கும்.

ஜெரனின் கையை ஒகுல்பிபி ரொட்டியின் மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"உன் வாயிலிருந்து இந்தச் சேதி அவர் காதுக்குப் போகக்கூடாது."

ரொட்டியின் மேல் செய்த சத்தியத்தை மீறுவதை அந்த ஊரில் யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். ஜெரன் சத்தியம் செய்தாள். அன்றோடு, கட்டிய கணவனுக்காக வாய்விட்டு அழுகிற உரிமையும் அவளுக்குப் போயிற்று. கண் கலங்கினால் அடுப்புப் புகை என்று துடைத்துக்கொள்வாள். இதைவிடக் கொடுமை ஒரு பெண்ணுக்கு வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் ஒகுல்பிபியால் விட முடியவில்லை. வியாழக்கிழமை எண்ணெய் காயவைத்து மெல்லிய ரொட்டி சுட்டால் அந்த வாசனை இறந்தவர்களைப் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பெருநாள் தவிர எண்ணெய்ச் சட்டி ஏறாத அந்த வீட்டில், இப்போது வாராவாரம் ஏறியது. கணவர் கேட்டதற்கு, உங்கள் அப்பா அம்மாவுக்காகத்தான் என்று சொல்லிவைத்தாள். அவரும் சரியென்று ஒரு ரொட்டியை வாங்கித் தின்றார்.

குளிர் விடத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை. ஒகுல்பிபி பின்கட்டில் சுட்டுக்கொண்டிருந்தாள். ஜெரன் மாமனாருக்குப் பச்சைத் தேநீர் கொண்டுபோனாள். அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளி வளையலை எடுத்து அவள் முன் வைத்தார்.

"உன் யாஷ்மக்கை இன்றைக்கு அவிழ்க்கிறேன், மகளே. என்னிடம் நீ பேசுகிற முதல் பேச்சு பொய்யாக இருக்க வேண்டாம். உன் மாமியார் யாருக்காகச் சட்டி வைக்கிறாள்?"

உண்மையைச் சொன்னால் ரொட்டிச் சத்தியம் போயிற்று. பொய் சொன்னால், இத்தனை காலம் காத்துவைத்த முதல் பேச்சே பொய்யாகிவிடும். பேசாமல் நின்றாலோ, பெரியவர் மனமுவந்து கொடுத்ததை அவர் முகத்திலேயே வீசியது போலாகும். ஜெரன் வளையலைப் பார்த்தாள். துணி உதட்டிலிருந்து நழுவியது. வார்த்தை எதுவும் வரவில்லை, ஒப்பாரி வந்தது. மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் கிடந்தது மொத்தமும் அடிவயிற்றிலிருந்து வந்தது.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து அவளோடு சேர்ந்து அழுதார்கள். ஆண்கள் முற்றத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நூர்கெல்தி மெரெத்தின் தோளைப் பிடித்து எழுந்துபோய், மகனைப் பறிகொடுத்த தகப்பனாக அவர்கள் நடுவில் பொழுது சாயும்வரை இருந்தார். மறுநாள் காலை அவர் கண் விழிக்கவில்லை.

"ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு என் புருஷனைக் கொன்றுவிட்டாயே" என்றாள் ஒகுல்பிபி.

"நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அம்மா" என்றாள் ஜெரன்.

மெரெத் செல்போனை அணைத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினான்.

இப்போது சொல்லுங்கள். கணவர் உயிருக்காக மகன் சாவை மறைத்தாளே ஒகுல்பிபி, அவளா? செத்த அண்ணனாகப் பேசினானே மெரெத், அவனா? அழுதுவிட்டாளே ஜெரன், அவளா? இவர்களில் யார் செய்தது சரி? ரகசியத்தை உடைத்தது யார்?

விடை இதுதான். மகன் வந்தால்தான் யாஷ்மக்கை அவிழ்ப்பேன் என்றவர், மகன் வராமலே அவிழ்த்தார். ஆகவே அவருக்கு முன்பே தெரியும். அவர் ஜெரனிடம் கேட்டது சேதியை அல்ல. அழ அவளுக்கு அனுமதி கொடுத்தார், தானும் அழ வழி தேடிக்கொண்டார். ஜெரன் செய்தது சரி. சத்தியத்தையும் அவள் மீறவில்லை. மறைத்த இருவரும் பாசத்தால் மறைத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரகசியத்தை எண்ணெய் வாசனையாக வாராவாரம் கணவர் மூக்குவரை கொண்டுபோனவள் ஒகுல்பிபியேதான். அது அவளுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஜெரன். புருஷனைக் கொன்றவள் என்ற ஏச்சைத் தினமும் வாங்கிக்கொண்டு அவள் வாயைத் திறக்காமல் இருக்கிறாள். திறந்தால், அந்தத் தாய் இனி எந்த வியாழக்கிழமையும் தன் மகனுக்காக அடுப்பு மூட்டமாட்டாள்.