முள்ளில்லாத வில்வம்

"அம்மா, அந்த மரம் என்னை ஏமாத்திட்டு. வெட்ட உத்தரவு கொடுங்க."

கோடரியோடு வந்து நின்றவர் ஆவுடையப்பர். எதிரே உட்கார்ந்திருந்தவள் அவருடைய குரு மங்கையம்மை. குருவைவிடச் சீடருக்குத்தான் நரை அதிகம்.

ஆற்றங்கரையில் ஒரு சின்னச் சிவன் கோயில். அங்கே பூசை செய்பவர் ஆவுடையப்பர். பல வருஷத்துக்கு முன் வில்வக் கன்று என்று எண்ணி ஒன்றை நட்டு வளர்த்தார். மும்மூன்றாக இலை விட்டது. தினமும் பறித்துச் சிவனுக்குச் சாத்தினார். 'முள்ளில்லாத வில்வம்' என்று பேச்சுப் பரவி, வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

இந்த மாசியில்தான் மரம் முதன்முதலாகப் பூத்தது. வில்வப்பூவை ஆவுடையப்பர் பார்த்திருக்கிறார். இது அது இல்லை.

மறுநாள் சிவராத்திரி. விடிந்தால் சனங்கள் வில்வ இலைக்குக் கூடையோடு வந்துவிடுவார்கள்.

"முள் இல்லையேன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?" என்று கேட்டாள் மங்கையம்மை.

"என் பக்திக்கு முள் விலகிட்டுன்னு நெனச்சு, அப்படியே சொல்லியும் வச்சேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இலையைக் கசக்கினா வில்வ வாசனை வரணுமே?"

"வேற மாதிரி வந்துச்சு. கைலாச வாசனைன்னு ஊருக்குச் சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்கம்மா. மானம் போயிரும். பொழுது சாயுறதுக்குள்ள வெட்டிட்டா, காத்துல விழுந்துட்டுன்னு சொல்லிரலாம்."

"வெட்டுங்க. யாரை வெட்டுறோம்னு ஒரு தடவை பாத்துட்டு வெட்டுங்க."

இருவரும் மரத்தடிக்கு வந்தார்கள்.

"பட்டையைத் தொடுங்க."

தொட்டார். சாம்பல் நிறம். அங்கங்கே வெள்ளைப் புள்ளி. இத்தனை வருஷத்தில் அவர் கை இலைக்குப் போனதே தவிர, அடிமரத்துக்கு வந்ததில்லை.

"இலையைப் பாருங்க. வில்வத்துக்கு நடு இலை மட்டும் காம்பு நீண்டு தள்ளி நிக்கும். இதுல?"

"மூணும் ஒரே இடத்துல சேருது."

"இப்போ மேல பாருங்க."

ஆவுடையப்பர் அண்ணாந்து பார்த்தார். காலையில் பயத்தோடு பார்த்த பூதான். இப்போதுதான் பூவாகத் தெரிந்தது. வெள்ளையாக விரிந்து, மெல்ல மெல்ல மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து ஊதா நூல்கள் நீள நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கிளை தெரியவில்லை, அவ்வளவு பூ. பொய் சொல்லக் கூடாது, அப்படி ஓர் அழகை யாராலும் வெட்ட முடியாது.

"என்ன மரம்மா இது?"

"மாவிலங்கம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பக்திக்கு முள் விலகிட்டுன்னு நீங்க ஊருக்குச் சொன்ன அன்னைக்கே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"பூக்கட்டும்னு இருந்தேன்."

ஆவுடையப்பர் கோடரியைக் கீழே வைத்தார்.

"இத்தனை வருஷம் தப்பான இலையைச் சிவனுக்குச் சாத்திட்டேனே. அவர் வில்வம்னு நம்பில்லா வாங்கிக்கிட்டார்?"

"அவருக்கு மரம் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சுமா வாங்கினார்?"

"உங்களையுந்தான் தெரியும் அவருக்கு."

விடிந்தது. கூடைகளோடு கூட்டம் வந்து நின்றது. எல்லாருக்கும் பின்னால் மங்கையம்மையும் ஒரு கூடையோடு நின்றிருந்தாள்.

ஆவுடையப்பர் மரத்தில் கை ஊன்றிக்கொண்டார்.

"முள் எதுவும் விலகலை. இதுக்கு முள்ளே கிடையாது. இது வில்வமில்லை, மாவிலங்கம். நாந்தான் இல்லாததைச் சொல்லிட்டேன்."

சிலர் கூடையைத் திருப்பி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். வந்த வழியே நடக்கத் தொடங்கினார் ஒருவர்.

மங்கையம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சீடர் முன் குனிந்து கூடையை நீட்டினாள்.

"அப்போ எனக்குப் பூ குடுங்க, சாமி."